மாப்பிள்ளை குளிக்க வேண்டிய ஷவர் குறித்துச் சம்பந்திக்கு

ஒத்தக்கடை,
புதன்கிழமை காலை.

விளாங்குடி சம்பந்தி, ஓய்வுபெற்ற பொறியாளர் உயர்திரு பாண்டியராஜன் அவர்களின் மேலான சமூகத்துக்கு, ஒத்தக்கடையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஜெயக்கொடி, சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் ஏதும் இல்லாமலும் எழுதிக்கொண்ட கடிதம். இங்கு நான் நலம், என் துணைவி கனகா நலம், மோட்டார் நலம், நேற்றுச் சுட்ட முறுக்கும் நலம். ஷவர் நலமில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும், இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற பொறுமை தங்களுக்கு வாய்க்கவும் கள்ளழகரை வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். பூ வைத்த நாளிலிருந்து இன்று வரைக்கும் தங்களோடு போனில் நான் பேசியதைக் கூட்டிப் பார்த்தேன். நாற்பது முறை "சரிங்க சம்பந்தி", பத்து முறை "ஆமாங்க சம்பந்தி", ஒரே ஒரு முறை "இல்லைங்க சம்…". மீதியெல்லாம் தாங்கள் பேசியது. தங்கள் வாய்ஸ் மெசேஜ்களையும் ஒன்று விடாமல் கேட்டுவருகிறேன். நீளமானதைக் கேட்கும்போது நடுவில் எழுந்து போய்ப் பால் காய்ச்சிவிட்டு வருவேன், தாங்கள் அப்போதும் தண்ணீரின் அழுத்தத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. படிக்கிறவர் குறுக்கே பேச முடியாது. என் மச்சினன் முத்துக்கருப்பன் இன்று விளாங்குடிப் பக்கம் போகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சங்கதி எங்கே ஆரம்பித்தது என்பது தங்களுக்கு மறந்திருக்காது. பூ வைக்க வந்த அன்று பேச்செல்லாம் முடிந்து, பந்தியும் முடிந்து, கை துடைத்துக்கொண்டே தாங்கள் சொன்னீர்கள்: "எங்களுக்கு அது வேணும் இது வேணும்னு ஒண்ணும் கெடையாது சம்பந்தி. எம் பையன் ஷவர்லதேன் குளிப்பான். தலை தீபாவளிக்கு வரும்போது சுடுதண்ணி நல்லா போர்ஸா வரணும். அம்புட்டுத்தேன்." சபையில் இருந்த அத்தனை பேரும் ஆஹா, இப்படியொரு மனுசனா என்று தங்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தண்ணீரைச் சொம்பில் மோந்து தலையில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம், யாரும் அழுக்காக இருந்ததாகப் புகார் வந்ததில்லை. ஆனாலும் ஒரே மகளின் மாமனார் கேட்டுவிட்டார். வடக்கே அடுப்படி, தெற்கே சந்து, கிழக்கே படுக்கையறை, மேற்கே காம்பவுண்டுச் சுவர் ஆகிய நான்கெல்லைக்கு உட்பட்ட எங்கள் குளியலறையில், ஆடி முடிவதற்குள் ஹீட்டரும் ஷவரும் ஏறிவிட்டன. மாட்டியவர் எங்கள் ஒத்தக்கடை பிளம்பர் சேக் இஸ்மாயில் பாய். மாட்டிய அன்று அவர் குமிழைத் திருப்ப, பக்கத்தில் நின்ற நான் சட்டை வேட்டியோடு நனைந்தேன். சுடச்சுட வந்தது, தோளில் அடி விழுகிற மாதிரி வந்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அதில் யாரும் குளிக்கவில்லை. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்து முதலில் குளிக்கட்டும் என்று கனகா அதற்கு ஒரு திரை தைத்துப் போட்டாள். நாங்கள் வழக்கம்போலக் கொல்லையில், போர்வெல் மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாயடியில் வாளி வைத்துக் குளித்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் நான் மட்டும் திரையை விலக்கி, ஐந்து நிமிடம் திறந்து பார்த்து, மூடிவிட்டு வருவேன்.

ஆவணியில் கல்யாணம் முடிந்து மகளும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூர் போன வரைக்கும் ஷவர் கம்பீரமாகத்தான் இருந்தது. புரட்டாசி பிறந்த பிறகு வந்த முதல் ஞாயிறு திறந்தேன், தண்ணீரில் கொஞ்சம் சோர்வு தெரிந்தது. அடுத்த ஞாயிறு நேராக விழாமல் சுவரோடு ஒட்டி வழிந்தது. அதற்கடுத்த ஞாயிறு சுடுதண்ணிப் பக்கம் திருப்பினால் உள்ளே யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, தொட்டால் சுடுகிறது, ஆனால் தண்ணீர் வெளியே வரமாட்டேன் என்கிறது. இஸ்மாயில் பாய்க்குப் போன் போட்டேன். மேலூர் ரோட்டில் புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடி வேலையில் இருந்தார். "ரெண்டு நாள்ல வாரேண்ணே, நீங்க எதையும் கழட்டிராதீக" என்றார். அவர் வருகிற வரைக்கும் பொறுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. ஆனால் அன்று சாயங்காலம் தங்கள் போன் வந்தது. "ஷவர் எப்புடி இருக்கு?" என்று தாங்கள் கேட்க, நாற்பது வருடம் சத்தியப் பிரமாணத்தோடு தொழில் செய்த என் வாய், உண்மையைச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலையில் தாங்கள் வீடியோ காலில் வந்ததும், போனை உயர்த்திப் பிடிக்கச் சொன்னதும், தாழ்த்திப் பிடிக்கச் சொன்னதும், ஹீட்டருக்குப் பின்னால் விடச் சொன்னதும் தாங்களே அறிவீர்கள். ஆனால் நான் அப்போது இடுப்பில் துண்டோடு இருந்தேன் என்பதும், தங்களுக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும், "அண்ணனுக்கு வயிறு கொஞ்சம் போட்டிருச்சு" என்று அவர்கள் தங்களிடம் மெதுவாகச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது என்பதும் தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதன் பிறகு ஷவருக்குக் கீழே வாளி வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். அந்த வாளி நிரம்புவதற்குள் கனகா கொல்லையில் குளித்து, துவைத்து, கொடியில் போட்டு, இட்லியும் ஊற்றி எடுத்துவிட்டாள். தாங்கள் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டீர்கள். "ஹெட்டு பத்தல சம்பந்தி, தண்ணி விழுகுற உசரம் காணாது. டேங்க மூணடி ஒசத்துங்க, தண்ணி பிச்சுக்கிட்டு வரும்" என்றீர்கள். இருபத்தெட்டு வருடம் கண்மாய்களுக்கு மதகு கட்டியவர் சொல்கிறார், நான் என்ன சொல்ல முடியும்? தாங்கள் கட்டிய மதகுகளில் ஒன்று எங்கள் பக்கம்கூட இருக்கிறது. அதில் மதகைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தண்ணீர் வருகிறது என்று வயல் வைத்திருக்கும் சம்சாரிகள் சொல்வார்கள், நான் அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை.

கொத்தனாரைக் கூட்டி வந்து, மொட்டை மாடியில் செங்கல் மேடை கட்டி, ஆறு பேர் சேர்ந்து டேங்கைத் தூக்கி மேலே வைத்தோம். தூக்கும்போது சாய்த்ததில் அடியில் கிடந்ததெல்லாம் கலங்கியிருக்க வேண்டும். இது அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கீழே வந்து திறந்தால், அதுவரை சுவரோடு வழிந்துகொண்டிருந்த பச்சைத்தண்ணியும் நின்று சொட்டாகிவிட்டது. அதாவது மூன்றடி உயர்த்தியதில் ஒரு வாளித் தண்ணீர் ஒரு சொம்பாகச் சுருங்கியது. தங்களுக்குச் சொன்னேன். "இன்னும் ரெண்டடி" என்றீர்கள். அந்தக் கொத்தனார் மாடிப் படியிலேயே அதைக் கேட்டுவிட்டு, சாந்துச் சட்டியைக்கூட எடுக்காமல் போனவர்தான், இன்னும் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சினன் முத்துக்கருப்பன் உள்ளே நுழைந்தான். இந்தக் கடிதத்தைத் தங்கள் கையில் கொடுக்கப்போகிறவனும் அவனே, அதனால் அவன் எதிரில் இந்தப் பத்தியைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். அவனுக்கு டிராக்டர் ரிப்பேர் தெரியும். டிராக்டர் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்பது அவன் கட்சி. "மச்சான், இது உப்புத் தண்ணி வேலை. ஷவர் மூக்குல உப்பு அடைச்சிருக்கு. புளித்தண்ணியில ஊறப்போட்டா பளிச்சுன்னு ஆயிரும்" என்று ஷவரின் தலையைக் கழற்றி, ரசத்துக்குக் கரைத்து வைத்திருந்த புளியில் போட்டான். அன்று எங்களுக்கு ரசம் இல்லை. ஊறியது போதாதென்று, சாக்குத் தைக்கிற கோணி ஊசியை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்தினான். அடைத்திருந்தது பச்சையும் கறுப்புமாகச் சக்கை சக்கையாக வந்தது. "பாசி" என்று சொல்லித் துடைத்துப் போட்டான். மாட்டித் திறந்தோம். வேகம் கொஞ்சம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கோணி ஊசி போன துளைகளில் ஒன்று கண்ணாடியைப் பார்த்து அடித்தது, ஒன்று கூரையைப் பார்த்து அடித்தது, மூன்றாவது, கதவைத் திறந்து யார் எட்டிப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கே அடித்தது. கீழே நிற்கிறவன் மட்டும் நனையவில்லை. சுடுதண்ணியோ அப்போதும் இல்லை.

அதற்கும் அவனிடம் வைத்தியம் இருந்தது. "தள்ளிவிட ஆள் இல்லாமத்தேன் சுடுதண்ணி உள்ளயே ஒக்காந்திருக்கு. ஒரு பிரஷர் பம்ப வச்சு மொத்துனா வெளிய வந்துதான ஆகணும்?" என்றான். இஸ்மாயில் பாய் வரட்டும் என்று நான் சொன்னேன். "அவரு வர்றதுக்குள்ள தீபாவளியே வந்துரும்" என்று கனகா அவன் பக்கம் பேசினாள். உடன்பிறப்பு. பம்பு வந்தது, மாட்டினான், சுவிட்சைப் போட்டான். அடைத்திருக்கிற பக்கம் தண்ணீர் போக முடியாமல், ஹீட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது, கூடத்துச் சுவர் நேர் எதிரே. அந்தச் சுவரில் நம் வீட்டுக் கல்யாணப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. முத்துக்கருப்பன் சுவிட்சைத் தேடி நிறுத்துவதற்குள் படம் முழுக்கக் குளித்துவிட்டது. துடைத்துப் பார்த்தோம். மகள் பத்திரம், மாப்பிள்ளை பத்திரம், சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவை அப்படியே இருக்கிறது. தங்கள் மீசை மட்டும் வலது பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. படத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறோம், தாங்கள் வரும்போது கேட்கக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒருவழியாக முந்தாநாள் திங்கட்கிழமை மத்தியானம் இஸ்மாயில் பாய் வந்தார். மாடியில் ஏறிய டேங்கைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், மூன்று திசைக்கும் துப்பிக்கொண்டிருந்த ஷவரைப் பார்த்தார், கடைசியில் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஹீட்டருக்குத் தண்ணீர் நுழைகிற இடத்தில் உள்ள சின்னச் சல்லடையைக் கழற்றி எடுத்தார். அதில் அடைத்திருந்ததைத் தட்டில் தட்டினார். அத்தனையும் துளசி. நன்றாக ஊறி வெந்த துளசி, நடுநடுவே மஞ்சள் துண்டு. குழாயில் ஊதினார், இன்னொரு கைப்பிடி வந்தது. கனகா அப்போது அடுப்படியில் பாத்திரத்தை வழக்கத்துக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். பாய் தட்டை என் மூக்கருகே நீட்டி, "அண்ணே, நாங்க மாட்டுனது ஷவரா, பெருமாள் கோயிலா? தீர்த்தம் வருது, துளசி வருது. இன்னும் சடாரி ஒண்ணுதேன் வந்து தலையில உக்காரல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. மூன்று வாரமாக வாய் கொப்பளிக்கும்போதெல்லாம் எனக்குக் கோயில் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. புரட்டாசி மாதம், வயதும் ஆகிறது, பக்தி முற்றுகிறது போல என்று நானாக நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கனகாவை விசாரித்தேன். முதலில் காக்கை போட்டிருக்கும் என்றாள். மூடி போட்ட டேங்கில் காக்கை மஞ்சளும் சேர்த்துப் போடுமா என்றேன். பிறகு ஒப்புக்கொண்டாள். அவள் வாக்குமூலத்தை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் கீழே தருகிறேன், தாங்கள் தயவுசெய்து சம்பந்தியம்மா அருகில் இருக்கும்போது படிக்கவும். "ஏங்க, சம்பந்தியம்மா போன்ல என்ன சொன்னாக? தலை தீபாவளிக்கு எம் புள்ள தலையில விழுகுறது அழகர்கோயில் நூபுரகங்கைத் தீர்த்தமா இருக்கணும்னு சொன்னாகளா இல்லையா? சம்பந்தி, பையன் ஷவர்லதேன் குளிக்கணும்ங்கிறாரு. அந்தம்மா தீர்த்தம்தேன் விழணும்ங்குது. ஷவர்ல நான் எங்குட்டு நின்னுங்க தீர்த்தம் ஊத்துறது? டேங்குல ஊத்துனாத்தான தலையில விழுகும்? வெறும் தீர்த்தம் ஊத்தக் கூடாதுன்னு துளசி, மஞ்சள், பச்சைக் கற்பூரம் போட்டேன். டேங்குத் தண்ணி தீந்து போகுமில்ல, அதான் சனிக்கெழம சனிக்கெழம மலைக்குப் போயி கேன்ல புடிச்சாந்து புதுசா ஊத்துனேன். இதுல நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்?" இதில் எந்த வரியைப் பிடித்துத் தப்பு என்று சொல்வது? எத்தனையோ சிக்கலான பாகப்பிரிவினையெல்லாம் எழுதியிருக்கிறேன், இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஒரே தலைக்குத் தகப்பன் ஒன்று கேட்டார், தாய் ஒன்று கேட்டார். இரண்டையும் ஒரே குழாயில் கொண்டுவரப் பார்த்தாள் என் மனைவி. எனவே, எங்கள் ஷவரை அடைத்தது உப்பும் இல்லை, பாசியும் இல்லை, தங்கள் ஹெட்டும் இல்லை. அடைத்தது விளாங்குடி. இதை நான் கோபமாகச் சொல்லவில்லை, ஆவணத்தில் உள்ளபடி சொல்கிறேன்.

பாய் குழாயெல்லாம் ஊதி, டேங்கைக் கழுவி, ஓட்டையான ஷவரை மாற்றி, பம்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திறந்தார். ஆடி மாதத்து அழகு திரும்பி வந்தது. சுடச்சுட, தோளில் அடிக்கிற மாதிரி. நானும் பாயும் ஆளுக்கொரு கையை நீட்டி நனைத்துப் பார்த்துக்கொண்டோம். "இனிமே இதுக்குள்ள தண்ணியத் தவிர எதுவும் போகக் கூடாதுக்கா" என்று கனகாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளும் தலையாட்டினாள். ஆனால் டேங்கைக் கழுவியதில் தீர்த்தம் பூராவும் சாக்கடைக்குப் போய்விட்டதே என்று அவளுக்கு ராத்திரி பூராவும் மனசு ஆறவில்லை. நேற்றுக் காலையில், பாய் சொன்ன சொல்லையும் மீறாமல் சாமிக் குற்றமும் வராமல் இருக்க, துளசியையும் மஞ்சளையும் ஒரு மல்துணியில் மூட்டையாகக் கட்டி, தீர்த்தத்தோடு டேங்கில் இறக்கிவிட்டாள். சக்கை வெளியே வராதல்லவா? சக்கை வரவில்லை. மூட்டையே போய் டேங்கிலிருந்து தண்ணீர் இறங்குகிற வாயில் தக்கை மாதிரி உட்கார்ந்துகொண்டது. இப்போது ஷவரில் மட்டுமல்ல, அடுப்படியில் இல்லை, கை கழுவ இல்லை, சொல்லக் கூடாத இடத்திலும் இல்லை. முத்துக்கருப்பன் கம்பியை விட்டுக் குத்தியதில் மூட்டை இன்னும் உள்ளே இறங்கிவிட்டது. பாய்க்குப் போன் போட்டால், தீபாவளி நெருக்கத்தில் ஊரில் உள்ள அத்தனை வீட்டுக் குழாயும் அவருக்காகக் காத்திருக்கிறதாம். "சனிக்கெழம வந்துர்றேன்ணே, இன்ஷா அல்லா. அதுவரைக்கும் அக்காவ மாடிக்கு மட்டும் அனுப்பிராதீக" என்கிறார்.

திங்கட்கிழமை தீபாவளி. சனிக்கிழமை பாய் வராவிட்டால் நான் என்ன செய்வேன்? இதுவரை எழுதியதைப் படித்துத் தாங்கள் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பில்லை சம்பந்தி. எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு ஒரே மகள். சத்யப்ரியாவிடம் இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை, சொன்னால் அவள் புருசனுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று சங்கடப்படுவாள். நாளைக்குத் தங்கள் வீட்டில் ஒரு விசேசம், பத்துப் பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஒருத்தர், "தலை தீபாவளிக்கே எங்க பையன் குளிக்கச் சுடுதண்ணி இல்லாம வந்தவனாச்சே" என்று விளையாட்டாகச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, என் பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொல்கிறவர்கள் மறந்துவிடுவார்கள், கேட்டுக்கொண்டவள் மறக்கமாட்டாள்.

ஆகவே, கீழ்க்கண்ட மூன்றில் எதையாவது ஒன்றைத் தாங்கள் மனமொப்பி ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, கொல்லையில் பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டு, வாளியில் விளாவி, மாப்பிள்ளை தலையில் நானே என் கையால் ஊற்றுகிறேன், தீர்த்தத்தைச் சொம்பில் தனியாக ஊற்றுகிறோம், இதைத் தாங்கள் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு, அது கௌரவக் குறைச்சல் என்றால், உலகத்தில் யாரும் கேட்டிராத கோரிக்கைதான், மாப்பிள்ளையைத் தங்கள் வீட்டு ஷவரிலேயே எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, ஈரத் தலையோடு காரில் ஏற்றி அனுப்பிவிடவும், மற்றதை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மூன்று, தாங்களே ஞாயிற்றுக்கிழமை வந்து, மாடியில் ஏறி, டேங்குக்குள் கையை விட்டு மூட்டையை எடுத்துத் தரவும். முதலாவதற்குத் தாங்கள் இசைந்தால் போதும், என் காலத்துக்கும் மறக்கமாட்டேன். பெண்ணைப் பெற்றவன் கெஞ்சக் கூடாது என்று சொல்கிற காலம் இது. ஆனாலும் கெஞ்சுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் வீட்டு விளக்கு எந்நாளும் எரியவும், எண்ணெய் குறையாமல் இருக்கவும், தங்கள் குரல் இன்னும் பல ஆண்டுகள் எங்கள் போனில் ஒலிக்கவும் மீனாட்சியம்மன் துணையிருக்கட்டும். முறுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன், விளாங்குடி சேரும் முன்பு முத்துக்கருப்பன் தின்றது போக மீதி தங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் தயவுக்கும் காத்திருக்கும்
ஜெயக்கொடி

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு உறையைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது. மகளும் மாப்பிள்ளையும் இறங்குகிறார்கள். லீவு சேர்த்துக் கிடைத்ததாம், கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்து, இங்கே தலையைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் விளாங்குடி வரலாம் என்று வந்தார்களாம். மாப்பிள்ளை பையை வைத்தவுடன், "மாமா, வேர்வையா இருக்கு, குளிச்சுட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். ஷவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் கூடத்தில் நின்று வார்த்தை தேடுவதற்குள் கொல்லையில் தண்ணீர்ச் சத்தம். போய்ப் பார்த்தால், குழாயடியில் தாமே வாளியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பச்சைத்தண்ணி. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன மாமா என்று கேட்டார், எனக்கும் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஷவரா? எனக்கு அது ஆகவே ஆகாது மாமா. தண்ணி தலையில கொட்டிக்கிட்டே இருந்தா மூச்சு முட்டும். ரெண்டு வாளி போதும். எங்க வீட்டுலயே ஷவர் கெடையாதே. அப்பா பத்து வருசமா வைக்கணும் வைக்கணும்னு சொல்றாரு, தண்ணி வீணாப் போகும்னு அம்மா விடல" என்றார். பிறகு, என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்கிறார். "என்கிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா" என்று மகளும் சத்தம் போடுகிறாள். நியாயம்தான். குளிக்கப்போகிறவரைத் தவிர மற்ற அத்தனை பேரிடமும் கேட்டிருக்கிறோம்.

ஆகவே மேலே கண்ட மூன்று கோரிக்கைகளும், பயமும், கெஞ்சலும் இதன் மூலம் ரத்து செய்யப்படுகின்றன. எழுதிய கடிதத்தைக் கிழிப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் கொல்லையில் இரண்டு வாளி வெந்நீர், அவரே கேட்டது. பாய் சனிக்கிழமை வந்து ஷவரைச் சரிசெய்துவிடுவார். அது தங்களுக்கு. சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்லிவிட்டு வருவீர்களோ தெரியாது, திங்கட்கிழமை விடிவதற்குள் வந்துவிடவும். எண்ணெயும் சீயக்காயும் எடுத்து வைக்கிறோம், துண்டு மட்டும் கொண்டு வரவும்.